மலைத்தீக்கு மார்கழியிலேயே வேலை: அடிவாரத்து ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசி மாத ராத்திரியில் தேனி மாவட்டத்துப் போடிப் பக்கம் மொட்டை மாடியில் நின்றால், சில நாட்களில் மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். மெதுவாக மேலே ஏறும், நடுவில் அறுபடும், அப்புறம் இரண்டாகப் பிரியும். "மலை எரியுது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். 2018 மார்ச் 11-க்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்சரிவில் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே மலையேறி, காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

காட்டுத்தீ வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி, "தீ பிடிச்சா எப்படி அணைக்கிறது?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தீ பிடித்த பிறகு நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி வேலை கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் முடிந்திருக்க வேண்டும். நான் தேனி மாவட்டத்து மலையடிவாரத்தை வைத்து எழுதுகிறேன். நீலகிரி, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாதங்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

1. மலையைப் படியுங்கள்

ஒரு பெரிய தாள் எடுத்து ஊர் மலையை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டாம். ஓடைகள், ஒற்றையடிப் பாதைகள், பாறைத் திட்டுகள், கோயில், தோட்டங்கள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் இருக்கட்டும். கடந்த ஐந்தாறு வருஷத்தில் எங்கெங்கே எரிந்தது என்று மாடு மேய்ப்பவர்களைக் கேட்டுச் சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் அதே நான்கைந்து இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களில்தான் உங்கள் வேலை.

பிறகு என்ன எரிகிறது என்று பாருங்கள். நம் மலைகளில் தீக்கு முதல் இரை புல்லும் சருகும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் புல்லும் ஆள் உயரத்துக்கு வளரும். தையில் அது காயும். மாசியில் அது வைக்கோல். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு எளிதில் பிடிபடாது. சில இடங்களில் தைலப்புல் இருக்கும். அதில் எண்ணெய்ச் சத்து உண்டு, பற்றினால் சீறிக்கொண்டு எரியும். உண்ணிச்செடி (லாண்டனா புதர்) மண்டிய காட்டில் இன்னொரு சிக்கல்: தரையில் ஓடும் தீ அந்தப் புதர் வழியாக மரத்தின் மேல்கிளைக்கு ஏணி போல ஏறிவிடும். 2019 பிப்ரவரியில் பண்டிப்பூர்க் காட்டில் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது, காய்ந்த உண்ணிச்செடியைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள்.

மூன்றாவது, சரிவு. இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். தீ மேல்நோக்கி ஓடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமதளத்தில் மனிதன் நடந்து தப்பிக்கக்கூடிய தீ, 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு வேகத்தில் வரும். பகலில் வெயில் ஏற ஏற காற்றும் பள்ளத்திலிருந்து முகட்டை நோக்கித்தான் வீசும், அது தீக்குத் துணை. குறுகலான ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். ஒளிவதற்கு நல்ல இடம் போலத் தெரியும் பள்ளம்தான் பல நேரம் மிக ஆபத்தான இடம்.

2. யார் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள்?

நம் காடுகளில் தானாகப் பிடிக்கும் தீ அபூர்வம். மூங்கில் உரசிப் பிடித்தது என்று சொல்லிக் கேட்டிருப்போம். நான் விசாரித்த எந்தத் தீயும் அப்படிப் பிடித்ததாக இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு ஒரு காரணமும் இருந்தது.

அந்தக் காரணங்களைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா நிலத்தில் காய்ந்த செத்தையைக் கொளுத்தியது காற்றில் தாவியிருக்கும். மாட்டுக்குப் புதுப்புல் தளிர்க்கட்டும் என்று யாரோ வைத்திருப்பார்கள். தேன் எடுக்கச் சூந்து (தீப்பந்தம்) கட்டியவர் அதைச் சரியாக அணைக்காமல் வந்திருப்பார். பாதை தெரியவும் மிருகம் விலகவும் கொளுத்துவது உண்டு. வேட்டைக்கு வைப்பதும் உண்டு. மலையில் தீ வைத்தால் மழை இறங்கும் என்ற நம்பிக்கையும் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. மலைப்பாதையில் ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பீடி, சிகரெட் துண்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. செத்தை கொளுத்துகிறவரிடம் "கொளுத்தாதே" என்றால் போதாது. "எந்த நாள் கொளுத்தப் போறீங்க, சொல்லுங்க, நாலு பேர் தண்ணியோட வந்து நிக்கிறோம்" என்றால் கேட்பார். காலையில், காற்று எழும்பும் முன், நிலத்தைச் சுற்றி மண் தெரியச் செதுக்கிவிட்டுக் கொளுத்தினால் தீ தாண்டாது. மாடு வைத்திருப்பவர்களிடம் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள். நான் ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்தேன். நோட்டீஸ் அச்சடித்துக் கொண்டுபோய்த் தண்டனைப் பிரிவுகளைப் படித்துக் காட்டினேன். அந்த வருஷம் முழுக்க ஒருவரும் எனக்கு ஒரு தகவலும் சொல்லவில்லை. மலையில் புகை எழுந்தால் முதலில் பார்க்கிறவர் கிடை மாட்டுக்காரர்தான். அவரை எதிரியாக்கிக்கொண்டால் நம் கண்ணை நாமே கட்டிக்கொண்டது போல.

சட்டம் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். சரணாலயத்துக்குள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் சேரும். ஆனால் அதைக் கடைசிப் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. எல்லை தாண்டி ஆள் சேருங்கள்

ஒரே மலைச்சரிவில் கீழே பட்டா நிலம், அதற்கு மேல் வருவாய்த்துறைப் புறம்போக்கு, அதற்கு மேல் காப்புக்காடு, உச்சியில் தேயிலை எஸ்டேட், முகட்டைத் தாண்டினால் கேரளம். போடி மலைகளின் அமைப்பு இதுதான். கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. நடந்து இறங்கினால் தேனி மாவட்டத்துக் குரங்கணி. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம், வடகிழக்கே கொடைக்கானல் காடு. தீ இந்தக் கோடு எதையும் பார்ப்பதில்லை. நாம்தான் "அது எங்க லிமிட் இல்லை" என்று நிற்கிறோம். ஒரு தடவை இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு கரடு முழுக்க எரிந்து முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் டிசம்பரிலேயே ஒரு கூட்டம் போடுங்கள். டீக்கடை வாசலில் போட்டாலும் போதும். உங்கள் பகுதி வனக்காப்பாளர், வனவர், முடிந்தால் வனச்சரகர், ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், எஸ்டேட் மேலாளர், மாடு வைத்திருப்பவர்கள், முதுவர், பளியர் குடிகளிலிருந்து விவரம் தெரிந்தவர்கள், ஜீப் ஓட்டுநர்கள், பக்கத்து ஊராட்சியிலிருந்து இரண்டு பேர், எல்லைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒருவர். கிராம வனக்குழு இன்னும் இயங்குகிற ஊர் என்றால் அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் மூன்று விஷயம் முடிவானால் போதும்: புகையைப் பார்த்தால் யாருக்கு முதல் போன், யார் யார் மலையேறுவார்கள், கருவிகள் எங்கே இருக்கும். ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலையில் சிக்னல் எந்தப் பாறையில் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

4. ஜனவரி 26-ஐ விட்டுவிடாதீர்கள்

குடியரசு நாளில் கிராம சபை கூடும். தீக்காலம் தொடங்குவதற்குச் சரியாக முன்னால் வரும் கூட்டம் அது. தீத்தடுப்பு பற்றி ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டுபோய் நிறைவேற்றுங்கள்: பாதையோரச் சருகை அகற்றுவது, தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பது, பிப்ரவரி முதல் மே வரை சொல்லாமல் செத்தை கொளுத்தக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு. தீர்மானத்தின் நகலை மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வன உரிமை பெற்ற ஊர் என்றால் உங்கள் கை இன்னும் பலமானது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தை அந்த ஊர்க் கிராம சபைக்கே கொடுக்கிறது.

5. தீத்தடுப்புக் கோடு

தீ தாண்டாமல் இருக்கப் புல்லும் சருகும் இல்லாமல் விடும் பட்டைதான் தீத்தடுப்புக் கோடு. காப்புக்காட்டுக்குள் அதைப் போடுவது வனத்துறையின் வேலை. உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு எடுப்பார்கள். நம் குழுப் பிள்ளைகள் அதில் சேர்ந்துகொள்ளலாம். அனுமதி இல்லாமல் நீங்களாகப் போய்க் காட்டுக்குள் வெட்டாதீர்கள். பட்டா நிலம், ஊர்ப் புறம்போக்கு, கோயில் பாதை, காட்டை ஒட்டிய வீடுகள் ஆகியவற்றைச் சுற்றிப் போடுவது நம் பொறுப்பு.

கோடு என்றால் புல்லை அறுத்துப் போடுவது மட்டும் இல்லை. அறுத்த புல் அங்கேயே கிடந்தால் அதுவும் விறகுதான். மண் தெரியும் வரை செதுக்கிச் சருகைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். கணுக்கால் உயரப் புல்லுக்குப் போதுமான அகலம் ஆள் உயரப் புல்லுக்குப் போதாது, அதனால் புல்லின் உயரத்தைப் பார்த்து அகலத்தை முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கிற பாறை, ஓடை, பாதை இவற்றை இணைத்துக் கோடு போட்டால் பாதி உழைப்பு மிச்சம். நேராகச் சரிவில் ஏறும் கோட்டைவிட முகட்டின் மேல் போகும் கோடு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் முகட்டில் தீயின் வேகம் குறையும். தையில் போட்ட கோட்டில் மாசியில் மறுபடி சருகு விழுந்திருக்கும். இலையுதிர் காட்டில் இரண்டாவது தடவை கூட்டாத கோடு இருந்தும் இல்லாதது போல.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். தீயே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் "தரகு பெங்கி" என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சருகுத்தீ என்று பொருள். கோடை முற்றும் முன், சருகு மெல்லிய படலமாக இருக்கும்போதே சிறு தீயாக வைத்துவிடுவார்கள். அது தரையோடு ஓடி அணைந்துவிடும், மரத்தைத் தொடாது. நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் அதனால் கட்டுக்குள் இருந்தது என்பது அவர்கள் கணக்கு. 1970-களில் அந்தக் காடு சரணாலயம் ஆனது, சருகுத்தீக்கும் தடை வந்தது. அதன் பிறகு உண்ணிச்செடி பெருகியதையும், வரும் தீ பெரிய தீயாக வருவதையும் சோளகர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள், ஆய்வாளர்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். நம் வனத்துறையும் கோடுகளின் ஓரத்தில் ஆள் நின்று, கட்டுப்படுத்தி எரிப்பதைச் செய்கிறது. எந்த மாதம், எந்தக் காட்டில், யார் வைப்பது என்பதுதான் கேள்வி. இதை உங்கள் மலையின் பழங்குடிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு நாளில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

6. வானத்திலிருந்து வரும் தகவல்

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அதன் 'வன் அக்னி' இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதிக்கான எச்சரிக்கை போனுக்கே வரும். தீ எரியும் இடங்களைக் காட்டும் நாசாவின் 'ஃபர்ம்ஸ்' வரைபடத்தையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இதை நம்புங்கள், ஆனால் இதையே நம்பி இருக்காதீர்கள். முக்கியமான செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் போவது பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணி வாக்கில். நடுவில் மூன்று மணிக்குப் பிடித்து ஏழு மணிக்கு அணைந்த தீ அதன் கண்ணில் படாது. ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 375 மீட்டர் சதுரம், தகவல் வந்துசேர மூன்று மணி நேரம்கூட ஆகலாம். செங்கல் சூளையும் தீயாகத் தெரியலாம். மலையில் ஒரு மேடான இடத்தில் பகல் 11 முதல் 5 வரை முறை வைத்து ஒருவரை உட்கார வைப்பதற்கு ஈடு இன்னும் வரவில்லை.

எந்த நாளில் அப்படி உட்கார வைப்பது? போனிலேயே வானிலை பாருங்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மூன்றும் சேர்ந்த நாள் மிக ஆபத்தான நாள். இரண்டு சேர்ந்தாலே ஆள் வையுங்கள்.

7. புகை தெரிந்துவிட்டது

முதலில் போன். வனக்காப்பாளர், பிறகு குழு. தீயணைப்புத் துறைக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. "மலையில தீ" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஓடைக்கு மேல், எந்தப் பக்கம் நகர்கிறது, புகை வெள்ளையா கறுப்பா, அருகில் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லுங்கள்.

வனத்துறை ஆள் இல்லாமல் மலையேறாதீர்கள். போகிறவர்களுக்கு உடம்பை மூடும் பருத்தித் துணி, தோல் செருப்பு அல்லது பூட்ஸ், தலையில் துண்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடை வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கருவிகள்: அரிவாள், மண்வெட்டி, நீளப் பிடியுள்ள வாரி, பச்சைத் தழைக் கொத்து, சருகு ஊதும் இயந்திரம் கிடைத்தால் மிக நல்லது. முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பானைத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோகலாம், ஆனால் மருந்து மிச்சம் இல்லாமல் கழுவிய பிறகு.

தீக்கு மேலே நின்று ஒருபோதும் அணைக்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கரிந்த பக்கத்திலிருந்து, தீயின் வாலில் (பின்பக்கம்) தொடங்கி இரண்டு விலாவையும் (பக்கவாட்டு ஓரங்கள்) அமுக்கிக்கொண்டு தலையை (முன்னேறும் முனை) நோக்கிப் போக வேண்டும். தழையால் ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும், அழுத்தித் தேயுங்கள். தீ இடுப்பு உயரத்துக்கு மேல் எழுந்தால் அது கையால் அணைக்கிற தீ இல்லை. விலகி, முன்னால் உள்ள கோட்டுக்குப் போங்கள். வரும் தீக்கு இரை கிடைக்காமல் முன்னாலேயே எரித்துவிடும் எதிர்த்தீ வைப்பதை அனுபவமுள்ள வனத்துறையினரிடம் விட்டுவிடுங்கள். காற்று திரும்பினால் அது இரண்டாவது காட்டுத்தீ.

வேலை தொடங்கும் முன் ஒருவரை எதிர்ச்சரிவில் நிறுத்துங்கள். அவர் தீயை அணைக்க வேண்டாம், பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். திரும்பி வர இரண்டாவது வழி ஒன்றும் இருக்கட்டும். பின்னிரவும் விடியலும்தான் நமக்குச் சாதகம், பனியில் புல் ஈரமாகும், காற்று அடங்கும். யானை நடமாடும் காடு என்றால் அந்த நேரத்தில் போவதா வேண்டாமா என்பதை வனக்காவலர் சொல்வதுபடி கேளுங்கள்.

2024 மார்ச்சில் குன்னூர் அருகே எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் ஹெலிகாப்டர் வராதா" என்று எங்கள் ஊரில் கேட்டார்கள். வரலாம். ஆனால் அது வந்துசேரும் வரை எத்தனை முகடு போகும் என்பது தையில் போட்ட கோட்டைப் பொறுத்தது.

8. தீயில் மாட்டிக்கொண்டால், காயம் பட்டால்

மலையேற வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாத பாதையில் யாரையும் கூட்டிப்போகாதீர்கள், எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் சரி.

தீ கீழே இருந்தால் மேலே ஓடாதீர்கள். அதைவிட வேகமாக யாராலும் ஏற முடியாது. பக்கவாட்டில், சரிவுக்குக் குறுக்காகப் போங்கள். பாறைத் திட்டு, ஏற்கெனவே எரிந்த நிலம், அகலமான ஓடை மணல் இவைதான் புகலிடம். காய்ந்த புல் நிறைந்த பள்ளத்தில் இறங்காதீர்கள். வழி முற்றிலும் அடைபட்டால் வெறும் மண்ணில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்து, பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சுடுகாற்று நுரையீரலுக்குள் போவதுதான் உயிரை முதலில் எடுக்கும்.

தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிஷம். பனிக்கட்டி, பற்பசை, இங்க், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீக்கம் வரும் முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, உடனே இறக்குங்கள். எந்தப் பாதையில் ஸ்ட்ரெச்சர் போகும், ஆம்புலன்ஸ் எது வரை வரும் என்பதையும் மார்கழியிலேயே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

9. அணைந்த பிறகு

அணைந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிய தீதான் மறுநாள் மதியம் மறுபடி கிளம்பும். காய்ந்த கட்டையின் உள்ளே, வேரின் அடியில், சாணியில் கங்கு இருக்கும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளறி மண் போட்டு மூடுங்கள். குறைந்தது ஒரு நாள் முழுக்க ஆள் இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், தொடங்கிய புள்ளி, காரணம் (தெரிந்தால்), யார் யார் வந்தார்கள், என்ன கருவி பற்றவில்லை என்று எழுதுங்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம், காரணம் போதும். அடுத்த டிசம்பர்க் கூட்டத்தில் முதலில் திறக்கப்போவது அந்தப் புத்தகம்தான்.

எரிந்த இடத்தில் உடனே மரம் நட ஆட்கள் கிளம்பி வருவார்கள். நல்ல மனதோடு வருகிறவர்களை நோகடிக்க வேண்டாம், ஆனால் புல்வெளியில் மரம் நட விடாதீர்கள். அது வரையாடு மேயும் இடம், மழையில் தானே தளிர்க்கும். சோலையின் ஓரம் கருகியிருந்தால் அது வேறு, அங்கே வனத்துறையோடு பேசி உள்நாட்டு மரங்களைப் பற்றி யோசிக்கலாம். எரிந்த இடத்தில் முதலில் முளைக்கும் உண்ணிச்செடிக் கன்றுகளை மழைக்குப் பின், மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் அடுத்த கோடைக்கு அவ்வளவு விறகு குறைவு.

கோடை மழை வரும் முன் ஒரு வேலை இருக்கிறது. எரிந்த சரிவிலிருந்து முதல் மழை சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்கு வரும். ஊர்த்தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய் அந்த ஓடையில் இருந்தால், வானம் இருட்டும்போதே போய் வாயை அடைத்துவிடுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகு திறக்கலாம்.